சிகிச்சை முடிந்தது, சம்பளம் எப்போது?

பலமனேரிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்குப் புறப்படுகிறவருக்கு இன்று வழி பலவாக இருக்கிறது. மொகிலி மலைச்சாலையில் இறங்கிச் சித்தூர் வழியாகப் போனால் வேலூர். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை இன்று உலகம் அறிந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக அங்கே நிற்கிறது. மேற்கே முல்பாகல், கோலார் தாண்டினால் பெங்களூர். அங்கே 1973-ல் நிறுவப்பட்ட கித்வாய் புற்றுநோய் நிலையம். சென்னையில் உறவினர் வீடு உள்ளவர்கள் அடையாறுக்கும் போகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கி வைத்து, டாக்டர் சாந்தா 2021-ல் மறையும்வரை கட்டிக்காத்த நிலையம் அது. இவற்றோடு திருப்பதியும் சேர்ந்துகொண்டது. தேவஸ்தானம் அளித்த நிலத்தில், டாடா அறக்கட்டளையின் முயற்சியால், 2018 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை 2022 மே மாதம் திறக்கப்பட்டது.

ஒரு தலைமுறைக்கு முன்பு "புற்று" என்ற சொல் காதில் விழுந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. இன்று அப்படியில்லை. ஆபரேஷன், கீமோ, மக்கள் "கரண்டு வைப்பது" என்று சொல்லும் கதிர்வீச்சு என எல்லாவற்றையும் தாண்டி உயிரோடு ஊர் திரும்புகிறவர்களின் தொகை கூடி வருகிறது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 14.6 லட்சம் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டுத் திட்டம் கணக்கிட்டது. இவர்களில் கணிசமானோர் உழைக்கும் வயதில் உள்ளவர்கள். வீட்டில் உலை ஏற வேண்டுமானால் வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள்.

ஆனால் இந்தப் பெரிய மருத்துவமனைகளின் கவனம் எங்கே முடிகிறதோ, அங்கேதான் கூலிக்காரரின் இரண்டாவது நோய் தொடங்குகிறது. கடைசி கீமோ போட்டாயிற்று. "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மூன்று மாதத்துக்கு வீட்டில் அரிசி வாங்குவது யார்? மண்டியில் பழைய இடம் காத்திருக்குமா? மூட்டை தூக்கிய தோளால் மறுபடி தூக்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு எந்த வார்டிலும் பதில் சொல்லும் ஆள் இல்லை.

இரண்டே வார்த்தைகள்

வேலைக்குத் திரும்புகிறவரிடம் முதலாளியோ, மில் மானேஜரோ, ஆபீஸ் சூப்பிரண்டோ கேட்கும் முதல் காகிதம் உடல் தகுதிச் சர்டிபிகேட். அதில் இரண்டே வார்த்தைகளுக்குத்தான் இடம். "தகுதி உண்டு" அல்லது "தகுதி இல்லை".

உண்டு என்று எழுதி வாங்கிப் போனால், மறுநாளே முழு வேலை, முழுப் பாரம். இல்லை என்று எழுதிவிட்டால் வேலையே போகலாம். புற்றுநோயிலிருந்து மீண்டவரின் உடம்போ இந்த இரண்டு வார்த்தைகளில் எதற்குள்ளும் அடங்குவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுத முடியும். ஆனால் பிற்பகல் 3 மணிக்குமேல் கண் இருட்டும். நடக்க முடியும், 50 கிலோ மூட்டையோடு நடக்க முடியாது. இந்த மாதம் முடியாதது நான்கு மாதம் கழித்து முடியலாம். இதைச் சொல்ல அந்தச் சர்டிபிகேட்டில் வரி இல்லை.

இதன் விளைவு உலகம் முழுவதும் அளக்கப்பட்டிருக்கிறது. 2009-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, 36 ஆராய்ச்சிகளையும் 20,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் நூற்றுக்கு 34 பேர் வேலையின்றி இருந்தார்கள். நோய் காணாத மற்றவர்களில் 15 பேர்தான் அப்படி இருந்தார்கள். இந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. நியமன உத்தரவும், இன்ஷூரன்ஸும், தொழிற்சங்கமும் உள்ள நாடுகளிலேயே நிலைமை இது. மஸ்டர் ரோலில்கூடப் பெயர் இல்லாத நாட்கூலிக்கு என்ன ஆகும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

வேலை ஒன்று, வலி ஒன்று

பலமனேர் பகுதியின் தொழில்களை வைத்தே பார்க்கலாம். தக்காளி, பட்டு, பால், சுடுமண் பொம்மை, லாரிப் போக்குவரத்து, அவற்றுக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா வேலை. ஒரே சிகிச்சை முடித்து வந்த இருவருக்கு, அவரவர் செய்யும் வேலையைப் பொறுத்து ஆபத்து வேறாகிறது.

பாக்ளிடாக்ஸெல், ஆக்சாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் கை கால் நரம்புகளைத் தாக்கக் கூடியவை. விரல் நுனி மரத்துப் போகும். எறும்பு ஊர்வது போல் இருக்கும். சிலருக்கு மாதக்கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும். பேனா பிடிக்கும் குமாஸ்தாவுக்கு அது தொல்லை. பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு இழை எடுக்கும் தொழிலாளிக்கோ அது நேரான ஆபத்து. வெந்நீரின் சூடு விரலுக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். லாரி டிரைவருக்குப் பாதம் மரத்திருந்தால், பிரேக்கில் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்று தெரியாது. மொகிலி இறக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்பது அந்தச் சாலையை அறிந்தவர்களுக்குப் புரியும்.

மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் செய்து, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டால், அந்தக் கை வீங்கும் வாய்ப்பு உண்டு. "இனி அந்தக் கையால் குடத்தைக்கூடத் தூக்காதே" என்று முன்னாளில் ஆயுள் தண்டனை போலச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தால் களத்து வேலையும், மண்டி வேலையும், பால்காரி வேலையும் இழந்த பெண்கள் எத்தனையோ பேர். 2009-ல் அமெரிக்காவில் நடந்த பரிசோதனை ஒன்று இந்த நம்பிக்கையை அசைத்தது. கை வீக்கம் உள்ள 141 பெண்களில் ஒரு பகுதியினருக்கு, மேற்பார்வையோடு, அழுத்த உறை அணிவித்து, மிகச் சிறிய எடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டித் தூக்கப் பழக்கினார்கள். வீக்கம் அதனால் கூடவில்லை, வலிமைதான் கூடியது. தூக்கவே கூடாது என்பதல்ல, திடீரென்று தூக்கக் கூடாது என்பதே இதன் சாரம். ஆனால் "மெல்ல மெல்ல" என்பதற்கு நம் ஊர்ச் சந்தையில் இடம் ஏது? மண்டியில் தக்காளிப் பெட்டியைப் பாதி நிரப்பித் தூக்கத் தருகிற மேஸ்திரி இருந்தால் அவருக்குக் கோயில் கட்டலாம்.

தொண்டை, வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு உமிழ்நீர் வற்றிவிடும். வாயை அகலத் திறக்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். ஒரே மூச்சில் சாப்பிட முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிட வேண்டும். இதற்கு முதலாளி செலவிட வேண்டியது ஒரு பைசாவும் இல்லை. மேஜைமேல் தண்ணீர்ப் பாட்டிலும், நடுவில் பத்து நிமிட ஓய்வும் அனுமதித்தால் போதும். அதையே "கெத்து காட்டுகிறான்" என்று பேசுகிற மேற்பார்வையாளர்களும் இருக்கிறார்கள்.

எல்லாருக்கும் பொதுவானது களைப்பு. தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு இது. பார்வைக்கு ஆள் தெளிவாக இருப்பார், முடிகூட முளைத்திருக்கும். அதனால்தான் அக்கம்பக்கத்தார் நம்புவதில்லை. சிலருக்கு ஞாபகமும் கவனமும் சில காலம் மந்தமாகும். கணக்குப் பிள்ளை ஒருவர் ஒரே வவுச்சரை இருமுறை பதிந்துவிட்டால், அது அவருடைய நாணயத்தின் மீது பழியாக விழக்கூடும். உண்மையில் அது மருந்தின் மிச்சம். முதல் சில மாதங்களுக்கு அவருடைய பேரேட்டை இன்னொருவர் சரிபார்ப்பது அவருக்கே பாதுகாப்பு.

கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே வேலைக்குப் போகிறவர்களும் உண்டு, போகாமல் முடியாது. ஒவ்வொரு கீமோவுக்கும் பிறகு 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அந்த நாட்களில் கூட்டத்தையும் தூசியையும் மாட்டுக்கொட்டகையையும் தவிர்ப்பது நல்லது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், குரோசின் போட்டுக்கொண்டு ஷிப்டை முடிக்கலாம் என்று நினைக்கவே கூடாது. அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காய்ச்சல்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த நோய் ஒட்டுவாரொட்டி அல்ல. வெளியிலிருந்து கரண்டு வைத்துக்கொண்டவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை. தனி டம்ளர், தனித் தட்டு வைக்கிற கடைகளும் விடுதிகளும் மருத்துவத்தின் பேரால் அதைச் செய்யவில்லை.

ஆரோக்கியவரம் காட்டிய வழி

நோயிலிருந்து எழுந்தவனை உழைப்புக்குப் பழக்குவதும் வைத்தியத்தின் பகுதிதான் என்ற எண்ணம் இந்த வட்டாரத்துக்குப் புதியதல்ல. பலமனேருக்கு வடக்கே மதனப்பள்ளி அருகில் ஆரோக்கியவரம் இருக்கிறது. மிஷன்கள் பல சேர்ந்து 1912-ல் தொடங்கிய காசநோய்ச் சானடோரியம் அது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் பிரிமொட் மோலர் அதை நடத்தியவர். கடல் மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேல் உள்ள இந்த மேட்டு நிலத்தின் காற்றை நம்பித் தென்னிந்தியாவின் பல மூலைகளிலிருந்தும், தமிழ் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள்.

அந்தக் காலத்துக் காசநோய் வைத்தியத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இங்கிலாந்தில் பிரிம்லி என்ற இடத்தில் 1905-க்குப் பிறகு டாக்டர் மார்கஸ் பேட்டர்சன் அதை ஒழுங்குபடுத்தினார். நோயாளி படுக்கையை விட்டு எழுந்ததும் முதலில் நடை, அது தாங்கினால் சிறு கூடை, பிறகு பெரிய கூடை, பிறகு மண்வெட்டி. ஒவ்வொரு படியிலும் காய்ச்சல் பார்ப்பார்கள். ஏறினால் ஒரு படி கீழே. வீட்டுக்குப் போகும் நாளில் அவன் நோய் தீர்ந்தவன் மட்டுமல்ல, ஒரு நாள் வேலையைத் தாங்கிக் காட்டியவனும் ஆவான். 1918-ல் பாப்வொர்த் என்ற ஊரில் ஒரு குடியிருப்பையே அமைத்து, மீண்டவர்களுக்கு அங்கேயே தொழிற்கூடமும் கூலியும் கொடுத்தார்கள்.

பிறகு மாத்திரை வந்தது. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடந்ததற்குச் சமமாகக் குணமாகும் என்று 1959-ல் உலகுக்கு எடுத்துக்காட்டியது சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான். அது பெரும் புண்ணியம். சானடோரியங்கள் தேவையற்றுப் போயின. ஆனால் கட்டிலோடு கூடையும் போய்விட்டது. மருந்து எழுதுவது டாக்டர் வேலை, உழைப்புக்குத் திரும்புவது உன் வேலை என்ற பிரிவினை அப்போது விழுந்து, புற்றுநோய் வைத்தியத்துக்கும் அப்படியே வந்து சேர்ந்துவிட்டது.

இது ஒருபுறமிருக்க, வசதி உள்ளவர்களுக்கு அந்தக் கூடை இன்றும் கிடைக்கத்தான் செய்கிறது. கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் அமெரிக்காவில் கீமோ முடித்து 2012 ஏப்ரலில் நாடு திரும்பினார். பெங்களூரில் உள்ள தேசிய கிரிக்கெட் அகாடமியில் பயிற்சியாளர்களின் கண்காணிப்பில் உடம்பைத் தேற்றினார். செப்டம்பர் 8-ந் தேதி விசாகப்பட்டினத்தில் ஆட வேண்டிய பந்தயம் மழையில் போயிற்று. 11-ந் தேதி சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராக இறங்கி 34 ஓட்டம் எடுத்தார். இதை மன உறுதியின் கதையாகவே பத்திரிகைகள் எழுதின. மன உறுதி இருந்தது, மறுப்பதற்கில்லை. கூடவே, 30 வயதும் விளையாட்டு வீரரின் உடற்கட்டும் உள்ள அவருக்கே கடைசி ஊசிக்கும் களத்துக்கும் இடையில் சுமார் ஆறு மாதம் தேவைப்பட்டது. அந்த ஆறு மாதமும் அவர் வீட்டு உலை எரிந்துகொண்டிருந்தது. "யுவராஜ் வரவில்லையா? நீ ஏன் வர முடியாது?" என்று கேட்கிற மானேஜர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

225 ரூபாயின் கதை

ஓய்வு நாட்களின் கூலியும் நோயின் செலவுதான் என்பதை ஒரு சர்க்கார் ஒப்புக்கொண்டது ஆந்திரத்தில். 2007 ஏப்ரலில் மூன்று மாவட்டங்களில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய ஆரோக்கியஸ்ரீ திட்டம், ஏழைக் குடும்பங்களின் ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சுச் செலவுகளை ஏற்றது. 2019 நவம்பரிலிருந்து பெங்களூர், சென்னை, ஹைதராபாத் நகரங்களில் உள்ள குறிப்பிட்ட மருத்துவமனைகளுக்கும் அது நீட்டப்பட்டது. 2023 டிசம்பரில் உச்சவரம்பு 25 லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் இவை எல்லாமே ஆஸ்பத்திரிக்குப் போகிற பணம். நோயாளியின் கைக்கு வருவதல்ல.

2019 டிசம்பரில் அறிமுகமான "ஆரோக்கிய ஆசரா"தான் வேறு மாதிரியானது. சிகிச்சை முடிந்து டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லும் காலத்துக்கு, நாள் ஒன்றுக்கு 225 ரூபாய், மாதத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், நோயாளியின் வங்கிக் கணக்கிலேயே சேர்ப்பது என்று வகுத்தார்கள். அந்த ஆண்டு ஆந்திரத்தில் 100 நாள் வேலைத் திட்டத்தின் கூலி 211 ரூபாய். அதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கட்டும் என்று நிர்ணயித்ததுபோல் தெரிகிறது. கணக்குப் போட்டால், 22 நாளுக்கே 5,000-த்தை நெருங்கிவிடும். மாதம் முழுவதும் படுத்திருப்பவருக்கு நாள் ஒன்றுக்கு 167 ரூபாய்க்கும் குறைவுதான். மருந்தும் பஸ் சத்தமும் போக இதில் குடும்பம் நடத்த முடியாது என்பது கண்கூடு. ஆனாலும் படுத்திருக்கும் கூலிக்காரனுக்கு நாட்கணக்குப் பார்த்துப் பணம் தரலாம் என்ற கொள்கை பெரிது. அந்தக் கொள்கையைத் தொகை மிஞ்சவில்லை என்பதே குறை.

ஆட்சி மாறும்போதெல்லாம் இந்தத் திட்டங்களின் பெயரும் மாறி வந்திருக்கிறது: ஆரோக்கியஸ்ரீ, என்.டி.ஆர். வைத்திய சேவை, ஒய்.எஸ்.ஆர். ஆரோக்கியஸ்ரீ, 2024-ல் மறுபடி என்.டி.ஆர். வைத்திய சேவை. பெயரோடு விதிகளும் நகரும். ஆகவே பழைய காகிதத்தை நம்பாமல், டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே ஆஸ்பத்திரியில் உள்ள "ஆரோக்கிய மித்ரா" மேஜையில் ஓய்வுக்கால உதவி பற்றிக் கேட்பதும், ஓய்வு எத்தனை நாள் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எண்ணாலேயே எழுதி வாங்குவதும் புத்திசாலித்தனம். "ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதிய சீட்டுக்கு எந்த ஆபீஸிலும் மதிப்பில்லை.

எந்த ஊர்க் கார்டு?

இங்கேதான் எல்லை கடந்து வந்த தமிழருக்குச் சிக்கல். தலைமுறை தலைமுறையாகச் சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் ஆந்திர ரேஷன் கார்டு உண்டு; அவர்கள் வீட்டில் தமிழ் பேசினாலும் சலுகையில் ஆந்திரர்தாம். பேரணாம்பட்டு, குடியாத்தம், வாணியம்பாடி பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, பலமனேரில் வாடகை வீட்டில் இருப்பவர் நிலை அப்படியில்லை. கார்டு தமிழ்நாட்டில், வேலை ஆந்திரத்தில். ஒரே நாடு ஒரே ரேஷன் என்ற ஏற்பாட்டால் அரிசியை இங்கே வாங்கிவிடலாம். ஆந்திரத்தின் மருத்துவத் திட்டத்தை வாங்க முடியாது.

இவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறிய ஏற்பாடு உண்டு. மத்திய அரசு 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் மாநில எல்லை தாண்டியும் செல்லும். ஆனால் இவற்றில் எதுவுமே சிகிச்சைக்குப் பிந்திய கூலியைத் தருவதில்லை. கார்டை அவசரப்பட்டு ஆந்திரத்துக்கு மாற்றுவதும், சிகிச்சை நடுவில் தமிழ்நாட்டுக் கார்டிலிருந்து பெயரை எடுப்பதும் இரண்டு பக்கமும் இழப்பில் முடியக்கூடும். முதல் சீட்டு போடும்போதே எந்தத் திட்டத்தில் போகிறோம் என்று தீர்மானித்து, சிகிச்சை முடியும்வரை அதிலேயே நிற்பது மேல்.

பெயர் பதிவான தொழிலாளி

ஈ.எஸ்.ஐ. கார்டு வைத்திருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கையில் அதிர்ஷ்டசாலிகள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கான இந்தத் திட்டம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது. இதில் சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 கிடைக்கும். பலருக்குத் தெரியாதது அடுத்த படி. புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு "நீட்டிக்கப்பட்ட நோய்ப்படி" என்று ஒன்று உண்டு. நூற்றுக்கு 80 வீதம், படிப்படியாக நீட்டித்து, அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை. இரண்டு ஆண்டு தொடர்ந்து ஈ.எஸ்.ஐ. வேலையில் இருந்து, அந்தக் காலத்தில் குறைந்தது 156 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஸ்ரீசிட்டித் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 500 ரூபாய். சாதாரண நோய்ப்படியானால் 350. நீட்டிக்கப்பட்ட படியானால் 400. ஆந்திர அரசின் 225-ஐவிட எவ்வளவோ மேல். ஆனால் காண்டிராக்டர் மூலம் வந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி மாற்றப்படுகிறவரின் சந்தா இடையில் அறுந்து போயிருந்தால் 156 நாள் தேறாது. நல்ல உடம்போடு இருக்கும்போதே சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் மாதாமாதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான். நோய்ப்படி வாங்கும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73-வது பிரிவு சொன்னது. படி நின்று, வேலைக்குத் திரும்பிய மறுநாள் என்ன ஆகும் என்பதை அந்தப் பிரிவு தொடவில்லை.

அரசு ஊழியர் நிலை தனி. மத்திய அரசின் 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகள் புற்றுநோயைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. ஓராண்டு சர்வீஸ் முடித்த, நிரந்தரமாகாத ஊழியருக்கும் 18 மாதம் வரை சம்பளமில்லா விடுப்பு உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அதன் 20-வது பிரிவில் பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, வேறு பதவிக்கு அதே சம்பளத்தில் மாற்ற வேண்டும் என்கிறது. புற்றுநோய் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. ஆனால் அதன் தழும்புகள் உண்டு. குரல்வளையை எடுத்ததால் பேச்சிழந்தவர் அந்தச் சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறார். எலும்புப் புற்றால் காலை இழந்தவரும் கை கால் ஊனத்தில் வருவார். இதற்கு முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே பாதுகாப்பை, காலை இழந்த ஒரு போலீஸ்காரரின் வழக்கில், சுப்ரீம் கோர்ட் 2003-ல் உறுதிப்படுத்தியது. ஆகவே பஸ் கண்டக்டரோ பள்ளி ஆசிரியரோ, "மருத்துவக் காரணத்தால் ஓய்வு" என்று நீட்டப்படும் காகிதத்தில் கையெழுத்திடும் முன் ஊனச் சர்டிபிகேட்டுக்கு மனுச் செய்வது முக்கியம். கையெழுத்திட்ட பிறகு வாதாடுவது கடினம்.

மண்டியிலும் துணிக்கடையிலும் கணக்கு எழுதுகிற குமாஸ்தாவுக்கு இந்த 20-வது பிரிவு இல்லை. அவருக்கு இருப்பது முதலாளியின் தயவும், அந்த உடல் தகுதிச் சர்டிபிகேட்டும்தான். எனவே அந்தச் சர்டிபிகேட்டை என்ன செய்யலாம் என்பதே மிஞ்சும் கேள்வி.

மூன்றாவது வார்த்தை

பிரிட்டனில் 2010 ஏப்ரலில் ஒரு சிறிய மாற்றம் செய்தார்கள். அதுவரை டாக்டர்கள் கொடுத்துவந்த நோய்ச் சீட்டை எடுத்துவிட்டு, புதிய படிவம் கொண்டுவந்தார்கள். "வேலைக்குத் தகுதியில்லை" என்பதோடு, "கீழ்க்கண்ட ஆலோசனையைக் கடைப்பிடித்தால் வேலைக்குத் தகுதி இருக்கலாம்" என்று இன்னொரு கட்டம். அதன் கீழே நான்கு சிறு கட்டங்கள்: படிப்படியாகத் திரும்புதல், வேலை நேரத்தை மாற்றுதல், வேலையை மாற்றுதல், பணியிடத்தில் வசதி செய்தல். டாக்டர் பேனாவால் ஒரு குறி போட்டால் போதும். அதே ஆண்டின் சமத்துவச் சட்டம், புற்றுநோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஒருவரை ஊனமுற்றவருக்குரிய பாதுகாப்புக்கு உரியவராக்கியது. எல்லாம் சரியாக நடக்கிறது என்று அந்நாட்டவரே சொல்ல மாட்டார்கள். ஆனாலும் சர்டிபிகேட்டில் மூன்றாவது வார்த்தைக்கு இடம் பிறந்தது.

அந்தப் படிவம் இங்கே வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த டாக்டரும் லெட்டர் பேடில் நான்கு வரி எழுதுவதைச் சட்டம் தடுக்கவில்லை. கேட்க வேண்டியது நோயாளிதான், அதுவும் "வேலைக்குப் போகலாமா, டாக்டர்?" என்று பொதுவாக அல்ல. "நான் செய்வது இன்ன வேலை. காலை 6 மணிக்குத் தொடக்கம். இத்தனை கிலோ தூக்க வேண்டும். வெந்நீரில் கை வைக்க வேண்டும். இத்தனை மணி நேரம் நிற்க வேண்டும்" என்று வேலையைச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம் சில நிமிடங்களே. அதனால் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது உசிதம். பதிலில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: எந்த வேலை கூடாது, எத்தனை மணி நேரத்தில் தொடங்கலாம், மறுபடி எந்தத் தேதியில் பார்த்து மாற்றலாம். தேதி போடுவது முதலாளிக்கும் நல்லது. "இலகு வேலை" என்று முடிவில்லாமல் எழுதினால் எந்த முதலாளியும் தயங்குவார்; "ஆறு வாரத்துக்கு" என்றால் இணங்குவது சுலபம்.

நோயின் பெயரை அந்தக் கடிதத்தில் எழுத வேண்டுமா என்பதைத் தொழிலாளி தீர்மானிக்கலாம். செய்யக்கூடிய, செய்யக்கூடாத வேலைகளை எழுதினால் போதும். சிறிய ஊரில் மறைத்துப் பயனில்லை என்பது உண்மைதான். ஆனால் வெளியூரிலிருந்து வந்து புது இடத்தில் சேர்கிறவருக்கு அந்த ஒரு சொல் வாசலிலேயே கதவை அடைக்கக்கூடும்.

மொழியையும் மறக்கக் கூடாது. வேலூரிலும் அடையாறிலும் சீட்டு ஆங்கிலத்தில் வருகிறது. டாக்டர் தமிழில் விளக்குகிறார். பலமனேர் முதலாளிக்குத் தெலுங்கு. நடுவில் மொழிபெயர்ப்பவர் நோயாளியின் பிள்ளையோ மேஸ்திரியோ. "கனம் தூக்கக் கூடாது" என்பது "வேலை செய்யக் கூடாது" என்று போய்ச் சேருவதற்கு அதிக தூரம் இல்லை. திருப்பதி மருத்துவமனையில் தெலுங்கிலேயே எழுதி வாங்கலாம் என்பது இந்த வட்டாரத்துத் தொழிலாளிக்கு ஒரு சௌகரியம்.

முதலாளிகள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நான்கு பேர் வேலை செய்யும் கடையில் ஒருவர் பாதி நாள் வந்தால் மற்ற மூவர் மீது பாரம் ஏறும். அதற்கு ஈடு செய்யும் எந்த ஏற்பாடும் சர்க்காரிடம் இல்லை. பாதி நாள் வேலைக்குப் பாதிச் சம்பளம் முதலாளி தர, மீதியில் ஒரு பங்கை 225 ரூபாய்த் திட்டம் போன்ற ஒன்று தாங்கினால், இரு தரப்புக்கும் மூச்சு விட முடியும். இப்போதைய திட்டங்களின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஒரு நாள் வேலைக்குப் போனாலும் அந்த நாளின் ஓய்வுப் பணம் போயிற்று. அரை நாள் முயன்று பார்க்கிறவனுக்கு அரை உதவி என்பது எங்கும் இல்லை. அதனால் படுத்தே கிடப்பதா, முழு மூட்டையைத் தூக்குவதா என்ற இரண்டில் ஒன்றைத் தொழிலாளி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

வேலைக்குத் திரும்பிய பிறகும் ஆஸ்பத்திரி விடாது. பல புற்றுநோய்களில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். பலமனேருக்கு ரயில் இல்லை. சித்தூருக்கோ குப்பத்துக்கோ பஸ்ஸில் போய் ரயிலைப் பிடிக்கிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் செல்லும் புற்றுநோயாளிக்கு இரண்டாம் வகுப்பில் கட்டணத்தில் முக்கால் பங்கு தள்ளுபடி. ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை. கூடச் செல்லும் ஒருவருக்கு இரண்டிலும் முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரி டாக்டர் ரயில்வே படிவத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பரிசோதனைத் தேதிகளை முன்கூட்டியே எழுதி வாங்கி, அந்த நாட்களுக்கான விடுப்பை வேலையில் சேரும் அன்றே முதலாளியிடம் பேசி வைத்துக்கொள்கிறவர்களுக்கு, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கெஞ்ச வேண்டியிருப்பதில்லை.